ஒரே பெயரில் இருவர்: சமூக ஊடகச் சரிபார்ப்பில் சிக்கிய ஒரு வேலை – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2025 பிப்ரவரியில் தொடங்கி ஜூலையில் ஒருவழியாக முடிந்த விஷயம். நான் காரைக்குடிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். வேலைவாய்ப்புப் பிரிவும் என் தலையில்தான் இருக்கிறது. ‘பிளேஸ்மென்ட் சார்’ என்றால்தான் மாணவர்களுக்கு என்னைத் தெரியும். சம்பந்தப்பட்ட இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர், ஊர், நிறுவனம் எதுவும் இதில் இருக்காது. வேலைக்குத் தேர்வான பி.காம். மாணவரை இளையவர் என்றும், அவருடைய பெரியப்பா மகனை மூத்தவர் என்றும் சொல்கிறேன்.

இருவருக்கும் ஒரே பெயர். செட்டிநாட்டில் இது அதிசயமில்லை. நகரத்தார் வீடுகளில் மூத்த மகனுக்குத் தந்தைவழி ஐயாவின் (தாத்தாவின்) பெயரை வைப்பது வழக்கம். ஐயாவுக்கு மூன்று மகன்கள் என்றால், மூன்று பேருடைய மூத்த பையனுக்கும் அதே பெயர்தான். மாமனார் பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்ட முடியுமா? அதனால் வீட்டில் ஆளுக்கு ஒரு செல்லப்பெயர் இருக்கும். ஐயா பெயர் பள்ளிப் பதிவேட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டும் வரும். குழப்பம் வராமல் இருக்கப் பெயருக்கு முன்னால் விலாசம் உண்டு. அப்பா, ஐயா, அவருக்கு முந்தையவர் என்று முதலெழுத்துகளை ஒன்றுக்கு முன்னால் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க (தொழில் நடத்த) போன காலத்தில் கடைகளே அந்த எழுத்துகளால்தான் அறியப்பட்டன. ஒரே பெயரில் ஊருக்கு இருபது பேர் இருந்த சமூகம் கண்டுபிடித்த ஏற்பாடு அது. ஃபேஸ்புக்கில் கணக்குத் தொடங்கும்போது விலாசம் போட யாரும் மெனக்கெடுவதில்லை.

இளையவர் குடும்பம் காரைக்குடியில் வாடகை வீட்டில் இருக்கிறது. ஆதாரில் இருப்பது கிராமத்துப் பெரிய வீடு. அண்ணன் தம்பி மூன்று புள்ளிக்கும் (குடும்பத்துக்கும்) அது பொது. படைப்பு (முன்னோருக்குப் படையல்), கல்யாணம், சாந்தி (வயது நிறைவுச் சடங்கு) என்றால்தான் முகப்பு திறக்கும். மற்ற நாட்களில் காவலுக்கு இருப்பவரும் அவர் வளர்க்கும் கோழிகளும்தான்.

பிப்ரவரியில் நான் சொன்ன அறிவுரை

கோளாறு என்னிடமிருந்துதான் தொடங்கியது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் இறுதியாண்டு மாணவர்களுக்கு நேர்முகத் தேர்வு, உடை, சுயவிவரம் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். அந்த ஆண்டு ஒரு மாணவி எழுந்து, “நம்ம ஃபேஸ்புக், இன்ஸ்டா எல்லாம் கம்பெனிக்காரங்க பார்ப்பாங்களா சார்?” என்று கேட்டார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. தெரிந்ததை எல்லாம் கொட்டினேன்.

நம் ஊர்க் கல்லூரிச் சேர்க்கைக்கு அந்தப் பயம் தேவையில்லை என்று ஆரம்பித்தேன். பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப். மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண். ரேங்க் பட்டியலுக்கு உங்கள் இன்ஸ்டாகிராம் தெரியாது என்று சொன்னதும் சிரித்தார்கள். அமெரிக்கா வேறு மாதிரி, அங்கே மதிப்பெண்ணுக்கு மேல் ஆளையும் எடைபோடுவார்கள் என்றேன். காப்லான் என்ற பயிற்சி நிறுவனம் சேர்க்கை அலுவலர்களிடம் எடுத்த கணக்கில், விண்ணப்பித்தவரின் சமூக ஊடகத்தைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் 2015இல் 40 சதவீதம், 2018இல் 25 சதவீதம். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2017இல் குறைந்தது பத்துப் பேருக்குக் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற்றது. ஃபேஸ்புக்கில் தங்களுக்குள் வைத்திருந்த ஒரு குழுவில் அவர்கள் பகிர்ந்த அருவருப்பான மீம்கள்தான் காரணம். வேலை கொடுப்பவர்கள் இன்னும் அதிகம் பார்ப்பார்கள். கேரியர்பில்டர் நிறுவனம் 2018இல் எடுத்த கணக்கில் 70 சதவீத அமெரிக்க நிறுவனங்கள் பார்ப்பதாகச் சொல்லின. பார்த்தவர்களில் 57 சதவீதம் பேர், அங்கே கண்ட ஏதோ ஒன்றால் ஆளை வேண்டாம் என்று விட்டிருந்தார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு மணி அடிக்கிற நேரத்தில், “எதுக்கு வம்பு? எல்லாத்தையும் டெலீட் பண்ணிடுங்க” என்று முடித்தேன்.

அப்போது அது சரியான அறிவுரையாகத்தான் பட்டது. ஒவ்வொருவரும் என்ன போட்டிருக்கிறார்கள் என்று நான் உட்கார்ந்து பார்க்க முடியாது. மொத்தமாக நீக்கச் சொல்வது எனக்குச் சுலபம். ஹார்வர்டு கதையில் மாட்டிக்கொண்டது பொதுவில் கிடந்த பதிவு அல்ல, மூடிய குழுவில் பேசியது என்பதை நானே சொல்லிவிட்டு, அதற்குச் சம்பந்தமில்லாத ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

இளையவர் சொன்ன பேச்சைக் கேட்கிற பையன். அன்று இரவே ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நீக்கிவிட்டார். 2021இல், கொரோனாவில் வீட்டிலிருந்தே படித்தபோது தொடங்கிய கணக்குகள் அவை. நாட்டு நலப்பணித் திட்ட முகாம், ரத்ததானம், குன்றக்குடித் தேர், நண்பன் பிறந்தநாள் கேக் என்று அவற்றில் இருந்ததெல்லாம் இந்த மாதிரிதான். யார் பார்த்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒப்புதல் படிவம்

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு வேலை செய்துகொடுக்கும் ஒரு சென்னை நிறுவனம் அவரைத் தேர்ந்தெடுத்தது. மார்ச்சில் ஆஃபர் கடிதம் வந்தது. ஜூன் 2 சேர வேண்டிய நாள். ஏப்ரல் 21 அன்று பின்னணிச் சரிபார்ப்புப் படிவம் வந்தது. பெரிய நிறுவனங்கள் இதைத் தாங்களே செய்வதில்லை, இதற்கென்று இருக்கும் ஏஜென்சிகளிடம் கொடுத்துவிடும். கல்விச் சான்று, முகவரி, நீதிமன்ற வழக்கு, முன்பு வேலை பார்த்திருந்தால் அந்த விவரம் என்று வழக்கமாகப் பார்ப்பார்கள். கேட்கும் நிறுவனத்துக்குச் சமூக ஊடகமும் சேர்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ‘தாங்கள் பயன்படுத்தும் சமூக ஊடகக் கணக்குகள்’ என்று ஒரு கட்டம். இளையவர் எனக்கு போன் செய்து கேட்டார். “இல்லைன்னு போடு” என்றேன். உண்மையும் அதுதானே. ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார்.

மே 14: முதல் மின்னஞ்சல்

‘சரிபார்ப்பில் ஒரு முரண்பாடு காணப்படுவதால் தாங்கள் சேரும் நாள் மறு அறிவிப்பு வரை நிறுத்தி வைக்கப்படுகிறது.’ அவ்வளவுதான். என்ன முரண்பாடு என்று இல்லை.

நாங்களாக ஒன்றை ஊகித்து ஐந்து நாட்களை வீணாக்கினோம். முகவரிதான் சிக்கல் என்று முடிவு கட்டினோம். சரிபார்க்க வந்தவர் பூட்டிய பெரிய வீட்டைப் பார்த்துவிட்டு ‘யாரும் வசிக்கவில்லை’ என்று எழுதியிருப்பார் என்பது எங்கள் கணக்கு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வருகிற தொல்லை. ஊரில் நூறு பேர் படுக்கிற வீடு இருக்கும், ஆனால் குடியிருப்பு வேறெங்கோ இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, வாடகை ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து, காவல்காரரிடம் விசாரித்து எல்லாம் செய்தோம். வந்தவர் மாட்டுக் கொட்டகைப் பக்கமாக வந்து, காவல்காரரோடு பேசி, படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். முகவரியில் ஒரு குறையும் இல்லை.

மே 19 திங்களன்று, கல்லூரிக்கு நேர்முகத் தேர்வு நடத்த வந்திருந்த மனிதவளப் பிரிவு மேடத்தை நானே அழைத்தேன். கொஞ்சம் தயங்கினார். அப்புறம், “முகவரி எல்லாம் ஓகே சார். சோஷியல் மீடியாலதான் ரெட் வந்திருக்கு. அக்கவுண்ட் இல்லைன்னு வேற எழுதியிருக்கார்” என்றார். இளையவர் மறைத்தார் என்ற குற்றமும் சேர்ந்துகொண்டது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. எழுத்தில் கேட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்புவதாகச் சொன்னார். கேட்டோம். மே 21 அன்று வந்தது. எல்லா நிறுவனங்களும் இதைக் கொடுப்பதில்லை. அவர் கொடுத்ததால்தான் இந்த நிகழ்வில் எழுதுவதற்கு ஏதோ இருக்கிறது.

அறிக்கையில் கண்டது

வந்த பக்கத்தில் மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகள் இருந்தன.

முதலாவது 2019 ஆகஸ்ட் மாதப் பதிவு. மதுரையில் இருசக்கர வாகனக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தை விட்டு வந்த கோபத்தில் எழுதியது. மேலாளரை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தது. அதோடு போகவில்லை, ‘இப்படித்தான் ஏமாற்றுகிறார்கள்’ என்று ஒரு வாடிக்கையாளரின் கடன் தாளைப் படமெடுத்துப் போட்டிருந்தது. வாடிக்கையாளர் பெயரும் தவணைத் தொகையும் பளிச்சென்று தெரிந்தன. இரண்டாவது, வேலை பார்க்கும் பெண்களைப் பற்றிய ஒரு மட்டமான கமெண்ட்.

மூன்றாவது, அந்தக் கணக்கின் முகப்புப் படம். பெரிய வீட்டு முகப்பில் தேக்குத் தூண்களுக்கு நடுவே, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஜமுக்காளம் விரித்து எடுத்த குடும்பப் படம். ஐயாவின் 80ஆம் ஆண்டுச் சாந்தியன்று எடுத்தது. இரண்டாம் வரிசையில், தூணை ஒட்டி நிற்கும் ஒரு முகத்தைச் சுற்றி ஏஜென்சிக்காரர் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். பக்கத்திலேயே விண்ணப்பத்தில் ஒட்டிய பாஸ்போர்ட் அளவுப் படம். ‘முகம் பொருந்துகிறது’ என்று கீழே ஒரு வரி.

முகம் பொருந்தத்தான் செய்தது, வட்டத்துக்குள் நிற்பவர் இளையவரேதான். கணக்குதான் அவருடையது இல்லை. அது மூத்தவருடையது. அவர் முதல் வரிசையில் ஐயாவின் காலடியில் உட்கார்ந்திருக்கிறார்.

எப்படி நடந்திருக்கும் என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். பெயரையும் ஊரையும் போட்டுத் தேடியிருப்பார்கள். இளையவரின் கணக்கு இருந்திருந்தால் இரண்டு கணக்குகள் வந்திருக்கும். எது யார் என்று பார்க்க வேண்டியிருந்திருக்கும். என் பேச்சைக் கேட்டு ஒன்றை நீக்கிவிட்டதால் ஒன்றே ஒன்று வந்தது. மூத்தவர் தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரைப் போடாமல் ஊர்ப் பெயரைப் போட்டிருந்தார். பெயர் சரி, ஊர் சரி, முகமும் இருக்கிறது. விண்ணப்பதாரர் ‘இல்லை’ என்கிறார் என்றால் மறைக்கிறார். தேடியவரின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

ஆனால் சந்தேகம் தீர அவர் வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. கல்விப் பகுதியைப் பச்சை என்று தேர்வாக்கியவர்களும் அவர்கள்தான். அதில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருக்கிறது, அதில் பிறந்த தேதி இருக்கிறது. 2019 ஆகஸ்டில் இளையவர் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். கடன் நிறுவனத்தில் வேலையை விட்டு வந்து பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தாரா? ஒரே அறிக்கையின் இரண்டு பக்கங்களை யாரும் சேர்த்துப் படிக்கவில்லை.

யார் என்று சொல்வதா?

அந்த வாரக் கடைசியில் இளையவரின் வீட்டுக்குப் போனேன். அவருடைய அப்பச்சி (அப்பா) அறிக்கையை வாங்கிப் பார்த்தார். படத்தைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுலபமாகத் தெரிந்த வழியைச் சொன்னேன். இந்தக் கணக்கு என்னுடையது என்று மூத்தவர் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

“அண்ணன் மகனைக் காட்டிக் கொடுத்துத்தான் இவனுக்கு வேலை வரணும்னா, அந்த வேலை வேண்டாம் சார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காபியை என் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னார்.

முதலில் அது குடும்ப கௌரவம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். இரவில் யோசித்தபோது அவர் சொன்னது வேறு காரணத்துக்காகவும் சரி என்று பட்டது. மூத்தவர் இப்போது கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் இருக்கிறார். ‘வாடிக்கையாளரின் கடன் தாளை வெளியிட்டது நான்தான்’ என்று கையெழுத்திட்ட ஒரு தாள், முன்பின் தெரியாத நிறுவனத்தின் கோப்பில் எத்தனை ஆண்டு கிடக்கும், எங்கெல்லாம் போகும்? ஒருவர் மேல் தவறாக விழுந்த கறையைத் துடைக்க இன்னொருவரிடம் ஒப்புதல் வாக்குமூலம் வாங்குவது நியாயமில்லை. தவிர, இளையவர் நிரூபிக்க வேண்டியது ‘இது நான் இல்லை’ என்பதை மட்டும்தான். யார் என்று கண்டுபிடித்துக் கொடுப்பது அவர் வேலை அல்ல.

மூத்தவரிடம் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அப்பச்சி போன் போட்டு விவரம் சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்தார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, “கோவத்துல போட்டது சார். ஆறு வருஷமா அது அங்க கெடக்குன்னே தெரியலை” என்றார். உடனே கணக்கையே நீக்கிவிடுகிறேன் என்றார்.

வேண்டாம் என்றேன். விசாரணை நடக்கும்போது கணக்கு மறைந்தால், நாங்கள்தான் அழித்தோம் என்றாகிவிடும். மறுபடி சரிபார்க்கிறவருக்கு ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒன்றும் இருக்காது. ஆனால் கடன் தாள் விஷயம் வேறு. அந்த வாடிக்கையாளருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் தவணை எவ்வளவு என்று ஊர் பார்க்கும்படி ஆறு ஆண்டுகள் கிடந்ததே அதிகம். தேதி தெரியும்படி பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தாள் இருந்த இடத்தை மறைத்து எங்கள் கைக்கு வைத்துக்கொண்டோம். அன்றிரவே அந்த ஒரு பதிவை மட்டும் மூத்தவர் நீக்கினார். மற்றதெல்லாம் மறுசரிபார்ப்பு முடியும்வரை அப்படியே இருந்தது. அந்த மட்டமான கமெண்டும்தான்.

இளையவரின் பழைய கணக்கைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்றும் பார்த்தோம். ஃபேஸ்புக்கில் நீக்கச் சொன்ன 30 நாட்களுக்குள் மனம் மாறினால் மீட்கலாம். மூன்று மாதம் ஓடிவிட்டது, ஒன்றும் செய்ய முடியவில்லை.

கடிதமும் அதன் பிறகும்

மே 26 அன்று கடிதம் போனது. மனிதவளப் பிரிவுக்கு அனுப்பி, ஏஜென்சிக்கு நகல் வைத்தோம். சுற்றி வளைக்காமல் இளையவர் சொல்வதாக மூன்று விஷயங்களை மட்டும் எழுதினோம். பதிவின் தேதியில் நான் பத்தாம் வகுப்பு மாணவன், பள்ளித் தலைமையாசிரியரின் சான்று இணைப்பில் இருக்கிறது. அந்தக் கணக்கின் விவரப் பக்கத்தில் 2017 முதல் மதுரையில் வேலை என்று இருக்கிறது, அப்போது எனக்கு எட்டாம் வகுப்பு. படத்தில் வட்டமிட்டிருப்பது என் முகம்தான், அது எங்கள் குடும்பப் படம், பலரிடம் இருக்கிறது. பிப்ரவரியில் என் கணக்குகளைக் கல்லூரியில் சொன்ன அறிவுரைப்படி நீக்கினேன் என்று ஒரு வரியையும் சேர்க்கச் சொன்னேன். அந்த அறிவுரை என்னுடையது என்று கல்லூரி முதல்வர் வழியாக நானும் தனியாக எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து மேடத்திடமிருந்து போன் வந்தது. இளையவர் என் அறையில்தான் இருந்தார், ஸ்பீக்கரில் போட்டார்.

“சரிப்பா, டேட் எல்லாம் பார்த்தேன். அப்போ அது யாரு? உன் கசின்தானே?”

“குடும்பத்துல ஒருத்தர் மேடம்.”

“பேரு என்ன, எங்க இருக்கார்?”

“அவர் உங்க கம்பெனிக்கு அப்ளை பண்ணலையே மேடம்.”

நாங்கள் இப்படிப் பேசச் சொல்லி ஒத்திகை ஒன்றும் பார்க்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. “அதுவும் சரிதான்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஜூன் 2 வந்து போனது. அவரோடு தேர்வான மற்ற இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். திருத்திய அறிக்கை ஜூன் 13 அன்று வந்தது. அதில் சிவப்பு போய்விட்டது, பச்சையும் வரவில்லை. ‘விண்ணப்பதாரருக்குப் பொருந்தும் கணக்கு எதுவும் கிடைக்கவில்லை’ என்று எழுதி மஞ்சள் நிறம் போட்டிருந்தார்கள். ஒன்றும் இல்லாததற்கும் ஒரு நிறம் வைத்திருக்கிறார்கள். நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டு ஜூலை 7 சேரச் சொன்னது.

முதலில் சொன்ன குழு அதற்குள் நிரம்பிவிட்டதால் வேறு குழு, இரவு ஷிப்ட். ஐந்து வாரச் சம்பளம் போனது. வருத்தம் தெரிவித்து ஏஜென்சியிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. முதல் அறிக்கையை அழித்துவிட்டீர்களா என்று இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினோம், அதற்கும் பதில் இல்லை. மூத்தவர் ஜூன் கடைசியில் தன் பழைய பதிவுகளை எல்லாம் உட்கார்ந்து பார்த்து, பாதிக்கு மேல் நீக்கினார். அந்தக் கமெண்ட் முதலில் போனது. அடுத்த படைப்புக்கு எல்லோரும் ஊருக்கு வந்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். இதைப் பற்றி யாரும் பேசவில்லையாம்.

சட்டம் எந்த அளவுக்கு உதவும்

ஒரு வழக்கறிஞர் நண்பரோடு உட்கார்ந்து பார்த்தேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே நிறைவேறிவிட்டது. ஆனால் இது நடந்தபோது விதிகள் வரவில்லை. 2025 நவம்பரில்தான் அறிவித்தார்கள், முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். ஒருவர் தானே பொதுவில் போட்ட விவரத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே திறந்து கிடக்கும் பக்கத்தைப் பார்க்காதே என்று யாரையும் தடுக்க முடியாது. ஆனால் ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குத் தரவைப் பயன்படுத்தினால் அது முழுமையாகவும் சரியாகவும் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தவறைத் திருத்தக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. எங்கள் விவகாரத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். அமெரிக்காவில் ஏஜென்சி அறிக்கையை வைத்து வேலை மறுப்பதானால், முடிவெடுக்கும் முன் அதன் நகலை விண்ணப்பதாரரிடம் கொடுக்க வேண்டும். இங்கே எங்களுக்கு ஒரு மேடத்தின் நல்ல மனசு தேவைப்பட்டது.

நிறுவனம் பார்த்ததே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்தவர் கணக்குவழக்கைக் கையாளும் வேலை இது. வாடிக்கையாளர் தாளைப் பொதுவில் போட்டவர் உண்மையிலேயே இளையவராக இருந்திருந்தால், நிறுத்தி வைத்தது சரிதான் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். முடிவெடுக்கும் முன் ‘இது நீங்களா?’ என்று ஒரு வரி கேட்டிருந்தால் மே 14 அன்றே முடிந்திருக்கும். அந்த ஒரு வரிதான் எந்தக் கட்டத்திலும் இல்லை.

இப்போது மாற்றிக்கொண்டவை

‘எல்லாவற்றையும் நீக்குங்கள்’ என்பதை நிறுத்திவிட்டேன். என் பேச்சால் இன்னொரு மாணவியும் சிரமப்பட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் மேற்படிப்புக்கு அமெரிக்கா போக விசாவுக்கு விண்ணப்பித்தவர். அந்தப் படிவம் 2019 முதல், கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறது. நீக்கிவிட்டால் பயன்படுத்தவில்லை என்று ஆகாது. 2025 ஜூனில், மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்கவும் சொல்லிவிட்டார்கள். நீக்கிய கணக்கின் பெயர் என்னவென்று அவர் பழைய போனில் தேடி எடுக்க ஒரு வாரம் ஆனது.

இப்போது பிப்ரவரி வகுப்பைக் கணினி ஆய்வகத்துக்கு மாற்றிவிட்டேன். முதல் வேலையாக அவரவர் பெயரை அவரவரே தேட வேண்டும். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை முறை. நம் பெயர்களில் ஒரு ‘ழ’ இருந்தால் போதும், மூன்று ஸ்பெல்லிங் வரும். அதே பெயரில் யார் யார் வருகிறார்கள், அவர்களில் நம் ஊர், நம் குடும்பம் யாராவது உண்டா என்று குறித்துக்கொள்கிறார்கள். பிறகு தங்கள் கணக்கை வெளியாள் கண்ணோடு பார்க்கிறார்கள். ஃபேஸ்புக்கில் அதற்கென்றே வசதி இருக்கிறது. பழைய பதிவுகளை மொத்தமாக நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கவும் வழி இருக்கிறது. உண்மையிலேயே நீக்க வேண்டியதை மட்டும் நீக்கச் சொல்கிறேன். அடுத்தவர் பெயர், தாள், படம் இருந்தால் முதலில் அதை. கணக்கில் அப்பா பெயரைச் சேர்க்கச் சொல்கிறேன், படிப்பும் கல்லூரியும் தெரியட்டும் என்கிறேன். படிவத்தில் ‘கணக்குகள்’ கட்டம் வந்தால், நீக்கியிருந்தால் ‘இன்ன மாதம் நீக்கினேன்’ என்று எழுத வேண்டும். வெறும் ‘இல்லை’ கூடாது.

நிறுவனங்கள் எங்கள் கல்லூரிக்கு வரும்போது, சரிபார்ப்பில் ஏதாவது வந்தால் முடிவுக்கு முன் மாணவரிடம் காட்டுங்கள் என்று ஒரு வரியை ஒப்புதல் கடிதத்தில் சேர்க்கக் கேட்கிறேன். இரண்டு நிறுவனங்கள் சேர்த்தன. ஒன்று சிரித்துவிட்டு, “பார்க்கலாம் சார்” என்றது.

இளையவர் இப்போது புதிதாகக் கணக்குத் தொடங்கியிருக்கிறார், முழு விலாசத்தோடு. ஐந்து எழுத்து, ஐந்து புள்ளி, அப்புறம் ஐயா பெயர். அலுவலகப் படிவத்திலும் அப்படித்தான் நிரப்பியிருக்கிறார். அங்கே இனிஷியலுக்கு ஒரே ஒரு எழுத்துக்குத்தான் இடமாம். அடையாள அட்டை ஐந்தில் முதல் எழுத்தை மட்டும் தாங்கி வந்தது. அது அவர் அப்பச்சியின் எழுத்து அல்ல, பெரியப்பாவுக்கும் பொதுவான மூதாதை ஒருவருடையது. திருத்தித் தரச் சொல்லி எழுதியிருக்கிறார்.